தவறான வெள்ளை

ஒரு மெக்கானிக் நாணயமானவர்தானா என்று தெரிந்துகொள்ளச் சுலபமான வழி ஒன்று இருக்கிறது. கெடாத ஒன்றைக் கெட்டுவிட்டது என்று சொல்லி அவரிடம் காட்ட வேண்டும். மார்ச் மாதக் கடைசியில் நான் அப்படித்தான் செய்தேன். காரின் முன்சக்கரத்தில் சத்தம் வருகிறது என்று ஊரிலுள்ள மூன்று ஒர்க்‌ஷாப்களிலும் போய்ச் சொன்னேன். சத்தம் எதுவும் வரவில்லை. பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருப்பவர் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து பேரிங் போய்விட்டது என்றார். பெட்ரோல் பங்க்கை ஒட்டி இருப்பவர் ஓட்டிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் மாற்றிவிடலாம் என்றார்.

மூன்றாவது மனோல். மூடிக் கிடக்கும் மர அறுவை ஆலைக்குள் கடை வைத்திருப்பவர். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, கையால் சுழற்றி, காதை வைத்துக் கேட்டார். பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"சத்தம் ஒண்ணும் இல்லையே."

"எனக்குக் கேக்குதே."

"உங்களுக்குக் கேக்கலாம். சக்கரத்துக்குக் கேக்கல. வீட்டுக்குப் போங்க, காபி குடிங்க. சரியாயிடும்."

அன்றே தெரிந்துவிட்டது, இவர் சொல்வதை நம்பலாம் என்று. இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மனோல் கவனக்குறைவான ஆள் என்று உங்கள் வழக்கு ஃபைலில் எழுதியிருக்கிறது. அது சரியல்ல.

வழக்கமாகக் காரைக் கவனிப்பது என் கணவன் லியூபென். பிப்ரவரியில் அவனுக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை நடந்தது. குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது, ஏப்ரல் நடுப்பகுதி வரை வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் அந்த வசந்தத்தில் இரண்டு வேலைகள் என் தலையில் விழுந்தன. ஒன்று, நல்ல ஒர்க்‌ஷாப்பாகப் பார்த்துக் காரைக் காட்டுவது. பழைய மெக்கானிக் ஜெர்மனிக்குப் போய்விட்டார். இன்னொன்று, வீட்டில் சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஓடும் மரப் பலகைகளுக்குப் புது பெயிண்ட் அடிப்பது. ஈஸ்டருக்கு அவன் தங்கை தஃபினா வருவதாக இருந்தாள். பலகைகள் மஞ்சளித்துப் போயிருந்தன.

லியூபெனைப் பற்றி யாரும் உங்களிடம் கெட்டதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். நானும் சொல்லப் போவதில்லை. ஒருநாளும் என்மேல் கை வைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு சிறு கிளாஸ் ராக்கியா, அதற்கு மேல் குடித்ததில்லை. பக்கத்து வீட்டு விதவைக்கு ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் விறகு பிளந்து அடுக்கிக் கொடுப்பான். வனத்துறையில் அவனுடைய வேலை, வெட்டிய மரங்களை மற்றவர்கள் அளந்த பிறகு திரும்ப அளப்பது. முப்பது வருஷம் அதைச் செய்தான். வீட்டுக்கு வந்த பிறகும் அவனால் அதை நிறுத்த முடியவில்லை, அவ்வளவுதான்.

நான் வாசல் கதவைப் பூட்டினால் இரண்டு மாடி இறங்கிப் போய் இழுத்துப் பார்த்துவிட்டு வருவான். நான் உப்புப் பார்த்த அவரைக் குழம்பை அவனும் ஒரு தடவை பார்ப்பான். நான் கழுவிய கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பான். நான் எது சொன்னாலும், "நிச்சயமாவா?" என்று கேட்பான். குரலில் கோபம் இருக்காது. விருந்தாளிகள் முன்னால் நான் ஏதாவது கதை சொன்னால், பாதியில், "அது செவ்வாய்க்கிழமை இல்ல நெவேனா, வியாழக்கிழமை" என்பான். பார்த்தால் வியாழக்கிழமையாகத்தான் இருக்கும். பெரும்பாலும் அவன் சொல்வதுதான் சரி. அதுதான் களைப்பு. தப்பாகச் சொல்கிறவனோடு சண்டையாவது போடலாம்.

இருபத்தாறு வருஷம். கடைசியில் நானே என்னைச் சோதிக்க ஆரம்பித்தேன். பஸ் நிறுத்தம் வரை போய்விட்டு அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கத் திரும்பி வருவேன். ஒரு தடவைகூட அடுப்பு எரிந்துகொண்டிருந்ததில்லை. என் அம்மா இறந்தபோது, கடைசி நிமிஷத்தில் அவள் என் கையை அழுத்தினாள். சவ அடக்கம் முடிந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருக்கையில் அதைச் சொன்னேன். லியூபென் என் தோளில் கை வைத்து, மிகவும் மென்மையாகச் சொன்னான். "அப்ப அவங்களுக்கு நினைவே இல்ல, நெவே. டாக்டர் சொன்னாரு இல்ல?" இருக்கலாம். ஆனால் அந்தக் கை என் கைக்குள் இருந்தது.

நீங்கள் காரணம் கேட்டீர்கள். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது இருக்கிறதா என்று நானும் தேடிப் பார்த்தேன். இல்லை.

பலகை வேலை ஏப்ரல் முதல் வாரம் தொடங்கியது. பழைய பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, ஓட்டைகளில் பட்டி வைத்து, பிரைமர் அடித்து, அதன்மேல் வெள்ளை. முழங்கால் போட்டுக்கொண்டு வீடு முழுக்க நகர வேண்டும். எனக்கு ஐம்பத்தொன்பது வயது. லியூபெனால் குனிய முடியாது என்பதால், ஒரு நாற்காலியைப் போட்டு எனக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வான். கையில் டார்ச் இருக்கும். நான் நகர நகர நாற்காலியும் நகரும்.

"அந்த மூலையைப் பாரு. ரெண்டு பிரஷ் முடி ஒட்டியிருக்கு."

"தஃபினா மூலையில வந்து படுக்கப் போறாளா?"

"அவ பாக்கலன்னாலும் அது அங்கதானே இருக்கும்."

"நான் கொட்டாவி விட்டாலும் சரியா விட்டேனான்னு பாத்துட்டுத்தான் நீ தூங்குவே."

அவன் சிரித்தான். நகைச்சுவையை ரசிக்கத் தெரிந்தவன். சிரித்துவிட்டு, "காஞ்சதும் தேய்ச்சிட்டு இன்னொரு கோட் அடிச்சிரு" என்றான். வாசல் நடையில் ஓடும் பலகையை மூன்று தடவை அடித்தேன். மூன்றாவது முறை அடிக்கும்போது எனக்குக் கோபம்கூட வரவில்லை. கைக்கு வேலை இருக்கிறது, செய்கிறது என்று மட்டும் தோன்றியது.

இரண்டாவது வாரம் புதன்கிழமை காரை மறுபடி மனோலிடம் கொண்டுபோனேன். லியூபென்தான் அனுப்பினான். அந்த வாரச் சனிக்கிழமையிலிருந்து வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கு முன் பிரேக்கை ஒருதடவை பார்த்துவிட வேண்டும் என்றான். "சிரிச்சுப் பேசினான்னு சாவியைக் குடுத்துட்டு வந்திராத. பக்கத்திலேயே நில்லு" என்றும் சொன்னான்.

நின்றேன். மனோல் காரை மேலே தூக்கி, அடியில் விளக்கைப் பிடித்துக் காட்டினார். பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் பைப் செதில் செதிலாகத் துருப்பிடித்திருந்தது. குளிர்காலத்தில் சாலையில் போடுகிற உப்பின் வேலை. முன்சக்கரத்தின் ரப்பர் ஹோஸ்களும் வெடித்திருந்தன.

"இதை இப்படியே ஓட்டக் கூடாதும்மா. ஊருக்குள்ள மெதுவாப் போனா தாங்கும். மலையிறக்கத்துல பிரேக்கை அழுத்திக்கிட்டே போனீங்கன்னா, எங்கயோ ஒரு இடத்துல பொட்டுன்னு போயிடும்."

"எங்கேன்னு சொல்ல முடியுமா?"

அவர் என்னைப் பார்த்தார். "கீழ அசெனோவ்கிராத் டவுனுக்குப் போற வழியா? ரெண்டாவது சுரங்கம் தாண்டி நீளமா ஒரு இறக்கம் இருக்கே. அதைத் தாண்டாது."

"மிதிச்சுப் பாத்தா தெரியுமா?"

"தெரியாது. அதான் வம்பே. பிரேக் எண்ணெய் குறைஞ்சிருந்தது, நான் ரொப்பிட்டேன். இப்ப மிதிச்சா கல்லு மாதிரி இருக்கும். அதை நம்பாதீங்க."

பைப்பும் ஹோஸும் செவ்வாய்க்கிழமை வரும், அதுவரை வண்டி இங்கேயே நிற்கட்டும் என்றார். எங்கள் வீடு இரண்டு தெரு தள்ளித்தானே, கொண்டுபோய் நிறுத்திவிடுகிறேன், யாரும் தொட மாட்டார்கள் என்று நான் சொன்னேன். "உங்க வீட்டுக்காரருக்கு நானே போன் பண்ணிச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன் என்றேன். சொல்வீர்கள்தானே என்று அவர் திரும்பக் கேட்கவில்லை. என் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொண்டார். காகிதத்தில் எதுவும் எழுதித் தராதது அவர் செய்த ஒரே பிசகு. அதுவும் என்னை நம்பியதால் செய்தது.

அன்று மதியம் லியூபென் கேட்டான். தயிர் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "என்ன சொன்னான்?"

"எல்லாம் நல்லா இருக்காம். எண்ணெய் மட்டும் ரொப்பினாரு."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

வியாழக்கிழமை பெயிண்ட் போதவில்லை என்று சொல்லி, அசெனோவ்கிராத்தில் இருக்கும் பெரிய கடைக்குப் பஸ்ஸில் போனேன். எங்கள் வெள்ளையை நம்பர் பார்த்துக் கலந்து கொடுப்பது அந்தக் கடையில்தான். கார் வாசலில் நிற்கும்போது எதற்காகப் பஸ் என்று லியூபென் கேட்டான். நானே ஓட்டினால் வளைவுகளில் தலை சுற்றும் என்றேன். இரண்டு டப்பா வாங்கி வந்தேன். அவன் மூடியைத் திறந்து, ஒரு குச்சியில் தொட்டு, காய்ந்த பலகையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

"நெவேனா, இது வெள்ளை இல்ல. ஐவரி."

"எனக்கு ஒரே மாதிரிதான் தெரியுது."

"உனக்கு அப்படித்தான் தெரியும். அதான் பிரச்சினை." அவன் பெருமூச்சு விட்டான். "விடு. சனிக்கிழமை நானே போய் மாத்திட்டு வரேன்."

சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு அவன் டப்பாக்களை எடுத்துக்கொண்டு இறங்கினான். நல்ல வெயில். நானும் கூட இறங்கினேன். காரில் உட்கார்ந்து, கிளப்புவதற்கு முன் பிரேக்கை மூன்று தடவை மிதித்துப் பார்த்தான். கல் மாதிரிதான் இருந்திருக்க வேண்டும். தலையை வெளியே நீட்டி, "நல்லாத்தான் பண்ணியிருக்கான் உன் ஆளு" என்றான்.

அப்போதுதான் கிரில் மாமா வந்தார். எதிர்வீட்டுக்காரர், எழுபத்தெட்டு வயது. ஈஸ்டருக்குச் சாயம் போட்ட முட்டைகளை ஒரு கூடையில் வைத்திருந்தார். மலைக்குக் கீழே இருக்கும் மகள் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

"என்னையும் கீழ இறக்கி விடுறியா, லியூபென்?"

"ஏறுங்க மாமா. கூடையை மடியில வச்சுக்குங்க. முட்டை உடைஞ்சா என்னைக் கேக்கக் கூடாது."

"நீ ஓட்டற வேகத்துக்குக் குஞ்சே பொரிச்சிடும்."

இருவரும் சிரித்தார்கள். கிரில் மாமா கண்ணாடியை இறக்கி, எனக்குக் கீழேயிருந்து ஏதாவது வேண்டுமா என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன். கார் முனையில் திரும்புவதற்குச் சுமார் அரை நிமிஷம் ஆனது. அரை நிமிஷம் நீளமான நேரம். நான் கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். மாமாவை மட்டுமாவது இறக்கிவிட ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மேலே படுக்கையறையில் ஒரு பலகையைப் பாதி அடித்து வைத்திருந்தேன். பாதியில் விட்டுக் காய்ந்துவிட்டால், சேர்க்கிற இடத்தில் கோடு விழும். அதனால் மேலே போனேன்.

பதினொன்று நாற்பதுக்குப் போன் வந்தது. அதற்குள் ஜன்னல் பக்கம் முடிந்திருந்தது.

மனோல் சொன்ன இறக்கத்தில்தான் நடந்திருக்கிறது. நூறு மீட்டர் முன்னே பின்னே இருக்கலாம். லியூபென் காரைப் பாறைப் பக்கமாகத் திருப்பியதால்தான் அது பள்ளத்தில் விழவில்லை என்று உங்கள் ஆட்கள் சொன்னார்கள். பாறையில் மோதியது அவனுடைய பக்கம். கிரில் மாமாவுக்கு இடுப்பெலும்பும் மூன்று விலா எலும்பும் முறிந்தன. தலையிலும் அடி. பிழைத்துவிட்டார்.

முதல் தடவை உங்கள் ஆள் வந்து விசாரித்தபோது, பிரேக் நன்றாக இருப்பதாக மனோல் சொன்னார் என்று நான் சொன்னேன். மனோலோ, ஓட்ட வேண்டாம் என்று எச்சரித்ததாகச் சொன்னார். இரண்டில் ஒருவர் பொய் சொல்கிறார். கணவனைப் பறிகொடுத்தவள் ஏன் பொய் சொல்லப் போகிறாள்? மனோலைக் கூட்டிக்கொண்டு போனீர்கள்.

இனி நான் சொல்வதுதான் கொஞ்சம் கஷ்டமானது. அதற்குப் பிறகு வந்த இரண்டு மாதங்கள் நான் நன்றாக இருந்தேன். கதவுகளில் லியூபெனின் படம் போட்ட மரண அறிவிப்புகள் ஒட்டியிருந்தன. தெருவில் என்னைப் பார்ப்பவர்கள் நின்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். ரொட்டிக் கடையில் நான் சொல்லச் சொல்ல எல்லாரும் கேட்பார்கள். வழக்கப்படி நாற்பதாம் நாள் கோதுமை வேகவைத்துக் கல்லறைக்குக் கொண்டுபோனபோது தஃபினா என்னைக் கட்டிக்கொண்டு, "நீங்க சொன்னபடிதான் நடந்திருக்கும் அண்ணி" என்றாள். யாரும் எதையும் திருத்தவில்லை. ஒரு நாள்கூட அடுப்பைப் பார்க்க நான் பாதி வழியில் திரும்பி வரவில்லை.

போன திங்கட்கிழமை மனோலின் மனைவி ஸ்லாத்கா வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, நடையிலேயே நின்றுகொண்டாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். வேண்டாம் என்றாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கத்தான் வந்தேன். அவரு உங்ககிட்ட சொல்லவே இல்லையா?"

"சொல்லலையே."

"சரி." தலையாட்டினாள். "முதல்ல எல்லாம் சொன்னேன், சத்தியமா சொன்னேன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தாரு. போன வாரம் ஜெயில்ல போய்ப் பாத்தேன். இப்ப வேற மாதிரி பேசறாரு. ஒருவேளை நான் சொல்லாம விட்டுட்டேனோ, சொல்லணும்னு மனசுல நினைச்சதைச் சொன்னதா நினைச்சுக்கிட்டேனோங்கறாரு. ராத்திரியெல்லாம் அதையே திரும்பத் திரும்ப யோசிக்கிறாராம். அந்தம்மா ஏன் பொய் சொல்லப் போறாங்க, தப்பு என்கிட்டதான் இருக்கும்கறாரு."

அவள் போன பிறகு நான் நடையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மனிதர் கண்ணால் பார்த்ததையும் வாயால் சொன்னதையும் தானே சந்தேகப்படும் நிலைக்கு வந்துவிட்டார். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை யாருக்கும் செய்யக் கூடாது. சிறையில் இருப்பதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இதைத் தாங்க முடியாது. அதனால்தான் வந்திருக்கிறேன். மனோல் சொன்னார். தெளிவாகச் சொன்னார். எந்த இடம் என்றுகூடச் சொன்னார். அவருக்கு ஞாபகம் சரியாக இருக்கிறது என்று தயவுசெய்து இன்றைக்கே யாராவது போய்ச் சொல்லுங்கள்.

பெயிண்ட் டப்பாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கடைக்காரப் பெண் சரியான வெள்ளையைத்தான் எடுத்து வைத்தாள். நான்தான் ஐவரியைக் கேட்டு வாங்கினேன். டப்பாவின் மூடியில் இருந்த நிறத்தின் பெயரை வழியெல்லாம் நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தேன். நிறம் தப்பு என்று லியூபென் கண்டுபிடிப்பான், என்னை நம்பி மறுபடி அனுப்ப மாட்டான், தானே போவான் என்று எனக்குத் தெரியும். இன்னொன்று, பெயிண்ட் தீரவும் இல்லை. சலவை இயந்திரத்துக்குப் பின்னால் பழைய வெள்ளை அரை டப்பா இருந்தது. அன்று காலை ஜன்னல் பக்கம் அடித்தது அதில்தான். மிச்ச அறைகளுக்கும் அது போதுமானதாக இருந்தது.

கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும்.

இங்கே வருவதற்கு முன் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கிரில் மாமாவைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்பதற்காக. ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்துவிட்டார். முதல் சுரங்கத்துக்குள் போகும்போது, வண்டி சரியாக இருக்கிறதா என்று அவர் கேட்டாராம். லியூபென் சொன்னானாம்: "நெவேனா பாத்துட்டா மாமா. இருபது வருஷமா நான் ஒரு நல்ல மெக்கானிக்கைத் தேடினேன், எனக்குக் கிடைக்கல. அவ மூணே நாள்ல கண்டுபிடிச்சா. மனுஷங்களைப் பாக்கறதுல அவ என்னைவிடக் கெட்டிக்காரி. அவகிட்ட சொல்லிடாதீங்க, அப்புறம் என்னைப் பிடிக்க முடியாது." சொல்லிவிட்டுச் சிரித்தானாம்.

கிரில் மாமாவும் இதை உங்களிடம் சொல்லக்கூடும். அவர் நல்ல மனுஷர், பொய் சொல்கிறவர் அல்ல. ஆனால் லியூபென் அப்படிச் சொல்லியிருக்க முடியாது. இருபத்தாறு வருஷம் அவனோடு வாழ்ந்தவள் சொல்கிறேன். அதை மட்டும் இந்த வாக்குமூலத்தில் எழுத வேண்டாம். மாமாவுக்கு வயதாகிவிட்டது, தலையில் வேறு அடி. அவருக்குச் சரியாக ஞாபகம் இருக்காது.